ஊசியால் எடுக்காமல் குளிசை தருவது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. மாரடைப்பு வந்த பிறகு இதயம் பலவீனமாகிவிட்டது. இப்போது வலது நுரையீரலைச் சுற்றித் தண்ணி கட்டியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிகிறது. ஊசியால் எடுக்காமல் சலம் போகும் குளிசையைத்தான் கூட்டித் தந்திருக்கிறார்கள். பஸ்ஸில் போகும் நாளில் அவதி என்று அப்பா அதையும் போடுவதில்லை. தண்ணியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாமா?
- ஒரு மகள், உப்புவெளி, திருகோணமலை

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது பஸ் நாள் பற்றிய அந்த வரிதான்.

நெஞ்சுச் சுவருக்கும் நுரையீரலுக்கும் நடுவில் எல்லோருக்கும் சில தேக்கரண்டி நீர் உண்டு. இதயம் இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறினால் பின்னால் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து அங்கே சேரும். கசிவை விட்டுவிட்டு ஊசியால் எடுப்பது, ஓட்டைத் தோணியில் தண்ணி இறைப்பது போல. திரும்பவும் கட்டும். பிரூசமைட் குளிசை மிஞ்சிய உப்பையும் நீரையும் சிறுநீரில் அனுப்பி அந்த அழுத்தத்தையே இறக்குகிறது. அதனால்தான் அதில் தொடங்குகிறார்கள்.

பயண நாளில் குளிசையைத் தவறவிட வேண்டாம். வீடு திரும்பியதும் போடலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பின்னேரம் நாலு மணிக்கு மேல் போனால் இரவு நித்திரை கெடும், அவ்வளவுதான்.

ஊசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினால், காய்ச்சலோ குத்துவலியோ இருந்தால், சில நாள் மருந்துக்கும் நீர் வற்றாவிட்டால் எடுக்கத்தான் வேண்டும். இதய நோயில் வழக்கமாக இரு பக்கமும் கட்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் வலது. ஆனாலும் குறையாமல் நின்றால் காசநோய், புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்த அந்த நீரைச் சோதிக்க வேண்டும். மறு எக்ஸ்ரே எப்போது என்று கட்டாயம் கேளுங்கள். ஸ்கான் பார்த்து எடுப்பது பாதுகாப்பு. ஒரே தடவையில் ஒன்றரை லீற்றருக்கு மேல் பொதுவாக எடுப்பதில்லை.

வீட்டில் கருவாட்டையும் அச்சாறையும் நிறுத்துங்கள். கருவாட்டை ஊறவைத்துப் பிழிந்தாலும் உப்பு முழுதாகப் போகாது. நாள் முழுவதற்கும் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு, அதற்கு மேல் வேண்டாம். மூட்டு நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரோபென் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை நீரை உடம்பில் தேக்கிவைக்கும். குளிசை கூட்டியிருப்பதால் பொட்டாசியத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை தேவை.

ஒரு தராசு வாங்குங்கள். காலையில் சலம் கழித்த பின், சாப்பிடுமுன் நிறுத்து, கலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் போங்கள். படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்செடுத்தால், இரவானாலும் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.