மாடியில் கொத்தமல்லி: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மளிகைக்கடைத் தனியாவை மூன்று தடவை தூவிவிட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையில் கோளாறா?

பதில்: இருக்கலாம். ரொம்பப் பழைய தனியா வறுத்துப் பொடிக்கத்தான் ஆகும். ஆனால் புதுத் தனியாவும் முழுசாகப் போட்டால் சுணங்கும். விதை என்று நாம் சொல்லும் உருண்டை உண்மையில் காய்ந்த கனி. உள்ளே இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். துணியில் பரப்பி, சப்பாத்திக்கட்டையால் லேசாக உருட்டுங்கள். இரண்டாகப் பிளந்தால் போதும், நொறுங்கியது ரசப்பொடிக்கு. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும். நாலாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்து நான் ஒரு தொட்டியைக் கெடுத்திருக்கிறேன்.

கேள்வி: நாற்றுவிட்டுப் பிறகு பிடுங்கி நடலாமா?

பதில்: வேண்டாம். ஆணிவேர்ச் செடி, இடம் மாற்றினால் தாங்காது. வளரும் தொட்டியிலேயே நேரடியாக விதையுங்கள்.

கேள்வி: சென்னையில் ஏப்ரலில் விதைத்தேன். ஒரு சாண் வளர்வதற்குள் இலையெல்லாம் நூல் மாதிரி மெலிந்து பூத்துவிட்டது. பூவைக் கிள்ளினால் மறுபடி தழையுமா?

பதில்: தழையாது. வெயில் ஏறினால் மல்லிக்கு அவசரம் வந்துவிடும். அப்படியே விடுங்கள், பூவுக்குத் தேனீ வரும். அப்புறம் பச்சைக் காயை நசுக்கி ரசத்தில் போட்டுப் பாருங்கள், தழையும் தனியாவும் சேர்ந்த வாசம். விளாத்திகுளம் பக்கம் கரிசலில் ஐப்பசி மழையை நம்பித்தான் மல்லி விதைக்கிறார்கள். பிறகு பனியிலேயே வளர்ந்துவிடும். மாடிக்கும் அந்தப் பருவம்தான் சரி. கோடையில் ஆசைப்பட்டால் காலை வெயில் மட்டும் படும் இடம் பாருங்கள். எந்தப் பருவமானாலும் 15 நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் அறுக்க அறுக்கத் தழை இருக்கும்.

கேள்வி: தண்டையும் வேரையும் நறுக்கி எறிந்துவிடுகிறேன். சரிதானே?

பதில்: அடப்பாவமே! இளந்தண்டைச் சட்னியில் அரையுங்கள். தாய்லாந்தில் வேரைப் பூண்டு, மிளகோடு இடித்துத்தான் பல சமையலைத் தொடங்குவார்கள். வேர் கொதி தாங்கும், இலை தாங்காது. அடுப்பை அணைத்த பிறகு இலையைத் தூவுங்கள்.

கேள்வி: மல்லித்தழை சோப்பு மாதிரி இருக்கிறது என்கிறாள் மருமகள். சாக்குதானே?

பதில்: சாக்கு இல்லையம்மா. தழையின் வாசத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்கள் சிலருக்கு அப்படித்தான் தெரியும். மோப்பத்துக்கான ஒரு மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு. தனியாவின் வாசம் வேறு, அது அவளுக்கு ஒத்துக்கொள்ளலாம். தழை தூவுவதற்கு முன் அவள் பங்கு ரசத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.