வெளிநாட்டு விற்றமின் போத்தலும் வெள்ளிக்கிழமைக் குளிசையும்

சண்டிலிப்பாயிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது, கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி, விடியப்புறம் விறைத்துக் கிடக்கும் ருமற்றோயிட் வாதம். நாலு மாதமாகச் சனிக்கிழமை இரவில் மெதோட்றெக்சேற் 2.5 மி.கி. குளிசை ஆறு, தினமும் காலையில் பிறட்னிசலோன் 5 மி.கி. ஒன்று, சீனி வருத்தத்துக்கு மெற்போமின். மூட்டு வலி குறைந்திருக்கிறது, ஆனால் ஞாயிறு முழுக்க ஓங்காளம், வாய் அவிந்துபோய்ச் சாப்பிட முடியவில்லை, தலைமயிர் சீப்போடு வருகிறது. வெள்ளிக்கிழமையில் போடச் சொல்லி போலிக் அசிட்டும் தந்தார்களாம். "இது பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்கிற குளிசையெல்லோ, எனக்கென்னத்துக்கு" என்று அம்மா ஒரு மாதத்துக்கு முன் அதை விட்டுவிட்டார். இப்போது ரொறொன்ரோவிலிருந்து அண்ணா ஒரு மல்ரிவிற்றமின் போத்தல், கறிமஞ்சள் கப்சியூல், குளுக்கோசமீன் மூன்றும் அனுப்பியிருக்கிறார். இவற்றைப் போட்டால் பக்கவிளைவு குறையுமா?

தங்கச்சி, அந்தப் போத்தலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் தேடுகிற விற்றமின் அம்மா விட்டுவிட்ட அந்தக் குளிசைதான். போலிக் அசிட் என்பது விற்றமின் பி9.

அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது, இன்றைக்கே செய்ய வேண்டியது. ஆஸ்பத்திரியில் தந்த கடதாசி உறைகளை எல்லாம் மேசையில் கொட்டி, குளிசைகளை எண்ணிப் பாருங்கள். மெதோட்றெக்சேற்றும் போலிக் அசிட்டும் பெரும்பாலும் சின்னனாக, வட்டமாக, மஞ்சளாகத்தான் இருக்கும். கண்ணாடி போடாமல் பார்த்தால் எனக்கே மாறிவிடும். ஆஸ்பத்திரி வீதியில் பார்மசியில் நின்ற காலத்தில் ஒரு ஐயா வந்தார், "மருந்து கெதியா முடிஞ்சு போச்சு, இன்னும் தாங்கோ" என்றார். கிழமைக்கு ஒரு நாள் போட வேண்டியதை ஒவ்வொரு நாளும் போட்டிருக்கிறார், வாய் முழுக்கப் புண், முழங்கையில் நீலம் பாரித்த தழும்புகள். அவரை அப்படியே ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தினமும் போட்டால் எலும்பு மச்சையில் ரத்த அணு உற்பத்தியே நின்றுபோகும், உயிருக்கே ஆபத்து. உங்கள் அம்மாவின் குளிசைக் கணக்கு கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதோடு ஒத்துவந்தால் சரி, தொடர்ந்து வாசியுங்கள். ஒத்துவராவிட்டால் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, ஏன் போலிக் அசிட்? மெதோட்றெக்சேற் உருவத்தில் அந்த விற்றமினைப் போலவே இருக்கும். அதனால் விற்றமின் போய் இருக்க வேண்டிய இடத்தில் கள்ளச் சாவி மாதிரி நுழைந்து பூட்டை அடைத்துவிடும். புதுக்கலம் உருவாகப் போலிக் அசிட் வேண்டும், ஆகவே கலங்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள்தான் முதலில் அடிவாங்கும். வாயின் உட்தோல், குடல், எலும்பு மச்சை, மயிர்க்கால். அம்மாவின் முறைப்பாடுகளோடு வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். "அப்ப விற்றமினைத் திருப்பிக் குடுத்தால் மருந்து வேலை செய்யாமல் போகாதா" என்று பலர் கேட்பார்கள். போகாது. கிழமைக்கொரு முறை போடும் இந்தச் சிறிய அளவில் மருந்து மூட்டு வீக்கத்தைக் குறைப்பது பெரும்பாலும் வேறொரு வழியால்.

அம்மா சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டொக்டர், நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை ரத்தச்சோகையை ஆராய்ந்தபோது, அதை மாற்றியது என்ன தெரியுமா, நம்முடைய வீட்டு அலுமாரியில் கறுப்பாக நிற்கிற மாமைற். அதில் இருந்த சத்துத்தான் பின்னாளில் போலிக் அசிட் என்று இனங்காணப்பட்டது. ஆக, பிள்ளைத்தாச்சிக் குளிசை என்பது பிழையில்லை. ஆனால் 1940களில் அதே சத்தைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க ஆய்வுகூடம்தான் அதை எதிர்க்கும் மெதோட்றெக்சேற்றையும் உருவாக்கியது. அந்த ஆய்வுக்குழுவை நடத்தியவர் ஆந்திராவில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், ஒருவேளை கேட்பார்.

இனிப் போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான மல்ரிவிற்றமினில் போலிக் அசிட் 400 மைக்கிரோகிராம் என்று இருக்கும். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் 1000 மைக்கிரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மி.கி. கிளினிக்கில் தந்த ஒரு குளிசை 5 மி.கி., அதாவது போத்தல் குளிசையைப் போலப் பன்னிரண்டரை மடங்கு. கிழமை முழுக்க அண்ணாவின் போத்தலை விழுங்கினாலும் 2.8 மி.கி.தான் சேரும். குறைந்தது கிழமைக்கு 5 மி.கி. என்பதுதான் வழக்கமான கணக்கு. ஆகவே ஒன்றுக்குப் பதிலாக மற்றது என்று வைக்கவே முடியாது. போலிக் அசிட் குளிசையோ சல்லி விலை, கிளினிக்கில் சும்மாவே தருவார்கள்.

எந்த நாள் என்பதில் ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். மெதோட்றெக்சேற் போடாத ஒரு நாளில் 5 மி.கி. என்பது ஒரு முறை, தினமும் 1 மி.கி. என்பது இன்னொரு முறை, இரண்டும் நடைமுறையில் உள்ளவைதான். உங்கள் கொப்பியில் வெள்ளி என்று இருந்தால் வெள்ளியே இருக்கட்டும். "வெள்ளிக்கு விற்றமின்" என்று சொல்லிப் பழக்குங்கள், நாக்கில் நிற்கும். புண் அப்படியும் ஆறாவிட்டால் போலிக் அசிட்டைக் கிழமையில் கூடுதல் நாட்களுக்குப் போடச் சொல்வார்கள், அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். முருங்கையிலை வறை, பசளி, பயறு, உழுந்து எல்லாம் நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் சத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும், எப்படியும் 5 மி.கி. அளவைச் சாப்பாட்டால் மட்டும் எட்டுவது கஷ்டம்.

போலிக் அசிட் தொடங்கினால் வாய்ப்புண்ணும் ஓங்காளமும் குறைய நல்ல வாய்ப்பு, ஈரலுக்கும் அது பாதுகாப்பு. மயிர் கொட்டுவதற்குப் பெரிதாக உதவும் என்று சொல்ல மாட்டேன். ஓங்காளத்துக்கு இன்னொரு வழி, இராச்சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் நேரத்தில் போடுவது, பாதி ஓங்காளத்தைத் தூக்கத்திலேயே கழித்துவிடலாம். புரட்டாதிச் சனி விரதம் பிடிக்கிறவர் என்றால் வெறுவயிற்றில் போடாமல், நாளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். மெதோட்றெக்சேற் குளிசையைக் கண்டாலே சத்தி வருகிற நிலைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. அது நடிப்பில்லை, உடம்பு அப்படிப் பழகிவிடும். அவர்களுக்கு அதே மருந்தை ஊசியாகத் தோலுக்குக் கீழே போட்டால் வயிற்றுக் குழப்பம் குறையலாம்.

பிறட்னிசலோன் வேறு கதை, அது ஸ்ரெரொயிட் மருந்து. மாதக்கணக்கில் போட்டால் எலும்பு தேயும், அதற்குக் கல்சியமும் விற்றமின் டியும் தேவைப்படலாம், கொப்பியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கல்சியம் காபனேற் என்றால் சாப்பாட்டோடு போட வேண்டும், இரும்புச்சத்துக் குளிசையோடும் தைரொயிட் குளிசையோடும் ஒன்றாகப் போடக் கூடாது. முகம் ஊதுகிறது என்று பிறட்னிசலோனை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் மெற்போமின். நீண்ட காலம் போடுபவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்றால் இன்னும் கூட. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பி12 குறைந்த ஆளுக்குப் போலிக் அசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் சரியாகத் தெரியும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். அம்மாவுக்குக் கால் விறைப்பு, ஊசி குத்துவது போல எரிவு இருந்தால் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்காகப் போலிக் அசிட்டை நிறுத்த வேண்டாம்.

அப்ப அண்ணா அனுப்பிய மூன்றும்? மல்ரிவிற்றமின் பெரும்பாலும் கெடுதல் செய்யாது, கிளினிக்கில் போத்தலைக் காட்டிவிட்டுப் போடலாம். குளுக்கோசமீன் இந்த வாதத்துக்கானதே இல்லை, தேய்மான வாதத்துக்கே அது பெரிதாக உதவுவதாகத் தெரியவில்லை. மஞ்சள் கப்சியூலை நான் வேண்டாம் என்பேன். கறிக்குப் போடுகிற மஞ்சளில் பிரச்சினையே இல்லை, ஆனால் மிளகுச் சாறு சேர்த்துச் செறிவாக்கிய கப்சியூலால் ஈரல் பழுதான ஆட்கள் இருக்கிறார்கள், மெதோட்றெக்சேற் போடுகிறவருக்கு ஏற்கெனவே ஈரலைக் கவனித்து ரத்தம் சோதிக்க வேண்டியிருக்கிறது. அந்த ரத்தச் சோதனைத் தவணையைத் தவற விடாதீர்கள், விற்றமின் போடுகிறோம் என்பதற்காக அது தேவையில்லாமல் போகாது.

காய்ச்சல், தொண்டை நோ, மூச்சு வாங்கும் வறட்டு இருமல், காரணமில்லாமல் தோலில் நீலம், தண்ணீர்கூட விழுங்க முடியாத வாய்ப்புண், இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த மெதோட்றெக்சேற்றைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாப்பிட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், இந்தச் சனிக்கு முன்னமே கொண்டுபோய்க் காட்டுங்கள். சலக்கடுப்பு என்று வேறு இடத்தில் மருந்து எடுக்கும்போது மெதோட்றெக்சேற் போடுவதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், கோ-ட்ரைமொக்ஸசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, செப்ட்ரின் என்றும் சொல்வார்கள், இதோடு சேர்ந்தால் மிக ஆபத்து. நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ அந்த எண்ணம் இருந்தாலோ அம்மாவின் மெதோட்றெக்சேற்றை எடுத்துக் கொடுக்கும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது, மெதோட்றெக்சேற் உறையில் சிவப்புப் பேனாவால் பெரிதாகச் "சனி மட்டும்" என்று எழுதி, அதை மட்டும் வேறு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள். போலிக் அசிட் சாமி அறையில் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அம்மாவின் கண்ணில் படும்.