மருத்துவர் பதில்: டேப் கிடக்கட்டும், அந்தச் சிவப்பு என்ன?

"பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கிறேன். வயது 47, மூன்றும் சுகப்பிரசவம். இருமினாலும் ஈர மூட்டையைத் தூக்கினாலும் சிறுநீர் சொட்டுகிறது. கடலுக்குப் போகும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை போடுகிறேன். டேப் வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். அது சதையை அறுக்கும், வெளிநாட்டில் தடை என்று மகன் போனில் காட்டுகிறான். செய்துகொண்டால் மறுபடி கடலில் இறங்க முடியுமா? போன மாதம் இரண்டு முறை சிவப்பாகப் போனது. வலியில்லை, சூடு என்று விட்டுவிட்டேன்."

அம்மா, விட்டுவிட்டேன் என்கிறீர்களே, அதைத்தான் நான் விட முடியாது. வலியோடு ரத்தம் வந்தால் கல், கிருமி என்று யோசிக்கலாம். வலியே இல்லாமல் வருவதுதான் எங்களை உஷாராக்கும். சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தால் இப்படித்தான் ஒருநாள் காட்டிவிட்டுப் பல வாரம் ஒளிந்துகொள்ளும். அதனால் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம். பார்த்த பிறகு அதைச் சொல்லலாம். சூடு என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை நோயைத்தான் ஒளித்து வைப்பது! இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுங்கள். மெல்லிய கேமராக் குழாயை விட்டுச் சிறுநீர்ப்பையைப் பார்க்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். மதுரைக்கு அனுப்பினாலும் போங்கள். மாதவிடாய் ரத்தம் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சரி, சொட்டுவதற்கு வருவோம். இது கிட்னிக் கோளாறு இல்லை, உப்புத்தண்ணீரும் காரணமில்லை. பிரசவங்களில் சிறுநீர்க்குழாயைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கடை மாத்திரையை நிறுத்துங்கள். அடக்க முடியாமல் ஓடுபவர்களுக்கு உள்ள மாத்திரை இருமினால் சொட்டுவதை நிறுத்தாது. தண்ணீரைக் குறைத்தால் கல்லும் கிருமியும்தான் மிச்சம்.

டேப்புக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வாயுவை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி விடுங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, தினம் மூன்று வேளை, மூன்று மாதம். மூட்டையில் கை வைக்கும்முன் ஒரு இறுக்கு. பலருக்கு இதிலேயே ஆபரேஷன் தேவைப்படாமல் போகிறது.

பயிற்சியில் சரியாகாவிட்டால் டேப். மகன் பார்த்தது பாதி உண்மை. அமெரிக்காவில் 2019-ல் விற்பனையை நிறுத்தச் சொன்னது சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை இறக்கத்துக்குப் பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலையை. பிரிட்டன் 2018-ல் இந்த டேப்பையும் சேர்த்தே நிறுத்தி வைத்தது. டேப் என்பது சிறுநீர்க்குழாய்க்கு அடியில் தாங்கலாக வைக்கும் ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டை. பாசி வளர்க்கக் கட்டும் கயிறு இருக்கிறதே, அதே பாலிப்ரொப்பிலீன்தான். அரை மணி நேர வேலை, பெரும்பாலோருக்குப் பலன் கிடைக்கிறது. ஆனால் சிலருக்கு டேப் வெளியே தெரியும், வலி நீடிக்கும், சிறுநீர் போவது சிரமமாகும். முழுதாக எடுப்பதும் எளிதல்ல. டேப்புக்கு மனம் வராவிட்டால், உங்கள் வயிற்றுச் சுவரிலிருந்தே ஒரு பட்டை எடுத்துத் தாங்கல் வைக்கலாம். அதில் வயிற்றில் தையல் உண்டு, தேற அதிக நாளாகும். இரண்டையும் செய்யத் தெரிந்தவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

கடலில் இறங்கலாம். ஆனால் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, புண் ஆறும்வரை தண்ணீரில் இறங்கவும் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் நீங்களும் பாசிக்கு இடைவெளி விடுவீர்கள் அல்லவா, ஆபரேஷனை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம்.