எழுதப்படாமல் வீணாகும் டிவிடிகள்

கேள்வி: மாமனாரின் அறுபதாம் கல்யாண வீடியோவை உறவினர்களுக்குக் கொடுக்க டிவிடியில் பதிந்துகொண்டிருக்கிறேன். லேப்டாப்பில் டிரைவ் இல்லாததால், யுஎஸ்பியில் செருகும் ஸ்லிம் ரைட்டர் வாங்கினேன். சில டிஸ்க்குகள் தொடக்கத்திலேயே 'பவர் காலிபிரேஷன் எரர்' என்று நின்றுவிடுகின்றன. சில பாதியில் நிற்கின்றன. கடைக்காரர் விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தும் பலனில்லை. வேறு சாஃப்ட்வேர் போட வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். விண்டோஸை ஏற்றுவதற்குக் கொடுத்த காசில் நல்ல டிஸ்க்காகப் பார்த்து வாங்கியிருக்கலாம். டிஸ்க் எழுதவில்லை என்றதும் விண்டோஸின் மேல் பாய்வது நம் ஊர்க் கடைகளின் பழைய வழக்கம். உங்களுக்கு வரும் பிழையைச் சொல்வது டிரைவ். சாஃப்ட்வேர் அதைத் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

வெற்று டிவிடிக்குள் மெல்லிய சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது. சிவப்பு லேசர் அதைச் சுட்டுத்தான் எழுதுகிறது. எவ்வளவு சூடு வேண்டும் என்பது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும். ஆகவே எழுதத் தொடங்கும் முன், டிஸ்க்கில் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் குறியீட்டை டிரைவ் படிக்கும். பிறகு நடுத்துளையை ஒட்டி இதற்கென்றே ஒதுக்கிய வளையத்தில் லேசரைக் கூட்டிக் குறைத்து எழுதிப் பார்க்கும். எந்த அளவும் ஒத்துவரவில்லை என்றால் 'காலிபிரேஷன் எரர்' என்று கைவிரித்துவிடும். டிஸ்க் மட்டமாக இருக்கலாம், லென்ஸில் தூசி படிந்திருக்கலாம், அல்லது லேசருக்கு மின்சாரம் போதாமல் இருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். எழுதும் நேரத்தில் ஸ்லிம் ரைட்டர் சில கணங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். படம் பார்க்கும்போது ஒழுங்காக ஓடும் டிரைவ், எழுதும்போது மட்டும் முரண்டு பிடிப்பது இதனால்தான். நடுவில் யுஎஸ்பி ஹப் இருந்தால் கழற்றிவிடுங்கள். லேப்டாப்பின் நீலத் துளையில் (யுஎஸ்பி 3.0) நேராகச் செருகுங்கள். அதில் 900 மில்லி ஆம்பியர் வரை கிடைக்கும். ரைட்டருடன் இரண்டு தலை உள்ள கேபிள் வந்திருந்தால், இரண்டையும் செருகத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை அலமாரியில் தொங்கவிடுவதற்கு அல்ல! சார்ஜரையும் மாட்டிவிட்டு எழுதுங்கள்.

அடுத்து, பாதியில் நிற்கும் டிஸ்க்குகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று குறித்து வையுங்கள். ஒரு தடவை 20 சதவீதம், மறு தடவை 65 என்று தாவினால் கேபிளோ மின்சாரமோதான் காரணம். எப்போதும் 85, 90ஐ ஒட்டியே நின்றால் டிஸ்க்தான் மோசம். டிவிடி உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுகிறது. மட்டமான டிஸ்க்கில் சாயப் பூச்சு ஓரத்துக்குப் போகப் போகச் சீராக இருப்பதில்லை.

டிஸ்க் வாங்கும்போது மேலே அச்சடித்த பெயரை நம்பாதீர்கள். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் வெற்று டிஸ்க்கைப் போட்டால், உண்மையில் அதைத் தயாரித்தவரின் குறியீடு வலப்பக்கத்தில் தெரியும். இரண்டு வேறு பெயர்களில் விற்கும் டிஸ்க்குகளுக்கு ஒரே குறியீடு இருப்பது சாதாரணம். நம் நாட்டில் பெரிய அளவில் டிஸ்க் தயாரித்த மோசர் பேயர் நிறுவனமே 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. இன்று கடையில் கிடைப்பதில் வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்த பழைய சரக்கும் கலந்திருக்கும். ஐம்பது டிஸ்க் கட்டாக வாங்கும் முன் ஒன்றிரண்டை எழுதிப் பாருங்கள்.

வேகத்தை 4எக்ஸில் வையுங்கள். முழு டிவிடிக்குக் கால் மணி நேரம் ஆகும். 8எக்ஸில் வைத்தால் மிச்சமாவது ஐந்தாறு நிமிடம். அதற்காக ஒரு டிஸ்க்கைப் பலி கொடுப்பானேன்? 'வெரிஃபை' என்பதையும் டிக் செய்துவிடுங்கள். உறவினர் வீட்டில் போய் நின்றுபோவதைவிட உங்கள் மேசையிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

கேள்வி: 4.7 ஜிபி என்று போட்டிருக்கும் டிவிடியில் என் 4.5 ஜிபி ஃபோல்டர் ஏற மறுக்கிறதே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படியையும் டிஸ்க் தயாரிப்பவர் 1000, 1000 ஆகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024 ஆகக் கணக்கிடுகிறது. விண்டோஸ் கணக்கில் உங்கள் டிஸ்க்கின் கொள்ளளவு ஏறத்தாழ 4.38 ஜிபிதான். யாரும் ஏமாற்றவில்லை.

கேள்வி: கணினியில் ஓடும் டிவிடி, அப்பாவின் பழைய பிளேயரில் 'நோ டிஸ்க்' என்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: எழுதத் தொடங்கும்போது விண்டோஸ் இரண்டு வழிகளைக் காட்டும். 'யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல' என்பதை அழுத்தியிருப்பீர்கள். அப்படி எழுதிய டிஸ்க்கைப் பழைய பிளேயர்கள் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. 'சிடி/டிவிடி பிளேயருடன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் எம்பி4 கோப்பை அப்படியே எழுதினால் பல பிளேயர்களுக்குப் புரியாது. டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் அதை டிவிடி வீடியோவாக மாற்றி எழுதுங்கள். முடிந்ததும் 'விடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டர் டிஸ்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் ஓடவில்லையானால், அப்பாவின் பிளேயருக்கு லென்ஸ் துடைக்கும் நாள் வந்துவிட்டது.