மூக்குத் தகடுகளை நானே உருவலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். மூக்குத் தண்டு வளைவுக்கு நாகர்கோவிலில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாட்கள் ஆகின்றன. இரு துவாரங்களிலும் ஸ்பிளிண்ட் என்று தகடு வைத்திருக்கிறார்கள். மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கிறது. உருவிவிட்டு வேலைக்குப் போகலாமா?

பதில்: தொடாதீர்கள். அவை வெறுமனே செருகியவை அல்ல. பெரும்பாலும் நடுச்சுவரைத் துளைத்துச் செல்லும் ஒரு தையலால் இரண்டையும் பிணைத்திருப்பார்கள். இழுத்தால் ஆறிவரும் சவ்வும் சேர்ந்து கிழியும்.

ஈரம் காயாத ரப்பர் ஷீட்டுகளை அடுக்கிவைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். மூக்குக்குள்ளும் அதே கதைதான். புண்ணான நடுச்சுவரும் பக்கச் சுவரும் உரசினால் ஒட்டி வளர்ந்துவிடும். பிறகு அதைப் பிரிக்க இன்னொரு சிகிச்சை. இடையில் நின்று அதைத் தடுப்பதுதான் இந்தச் சிலிகோன் தகடு. நேராக்கிய குருத்தெலும்பையும் அது தாங்கிப் பிடிக்கிறது.

அடைப்புக்கு முக்கியக் காரணம் வீக்கமும் உறைந்த ரத்தமும். நான்காம் நாளில் எல்லாருமே இப்படித்தான் புலம்புவார்கள். மருத்துவர் சொன்னபடி உப்புநீர் விடுங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள். உப்புநீரை வீட்டில் தயாரித்தால் கொதிக்கவைத்து ஆறிய நீர் மட்டுமே. ஆற்றிலும் குளத்திலும் முங்கிக் குளிப்பது இப்போது வேண்டவே வேண்டாம். அந்த நீரிலுள்ள ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

தகட்டின் நுனி வெளியே எட்டிப் பார்த்தால் உள்ளே தள்ளாமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ரத்தம் நிற்காமல் வடிந்தாலோ, காய்ச்சலோடு வலி ஏறினாலோ, வாந்தி, தலைசுற்றலுடன் உடம்பில் சிவந்த தடிப்பு வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

குனிந்து பால் வெட்டுவதும் பால் வாளி சுமப்பதும் மூக்கில் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். இரண்டு வாரமாவது ஓய்வு தேவை. ஷீட் அடிக்கும் ஆசிட் நெடியிலிருந்தும் தள்ளியே இருங்கள்.

தகடுகளைப் பொதுவாக ஒரு வாரத்தில் எடுப்பார்கள், சிலருக்கு இரண்டு வாரம்வரை ஆகலாம். தையலை வெட்டி உருவ ஓரிரு நிமிடம் போதும். கண்ணில் நீர் வரும். ‘இவ்வளவு நீளமா உள்ளே இருந்தது?’ என்று கேட்காத நோயாளி குறைவு. அன்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சிலருக்கு மயக்கம் வரும்.