எரிந்த மலைக்குக் கீழே வாடகை வீடு: காற்றுத் தரம் பச்சை காட்டினால் போதுமா?

காட்டுத்தீ எரிந்த மலையடிவாரத்தில் குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கிறது, செயலியில் காற்றுத் தரம் பச்சை காட்டுகிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

2017 டிசம்பரில் நாங்கள் கலிஃபோர்னியாவில், கார்பின்டீரியாவில் இருந்தோம். 4ஆம் தேதி சான்டா பாலா பக்கம் பிடித்த தாமஸ் தீ சில நாளில் எங்களுக்குப் பின்னாலிருந்த மலைக்கு வந்துவிட்டது. மொத்தம் 2,80,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அம்மா மதுரையிலிருந்து வந்திருந்த நேரம். மார்கழி பிறந்ததும் வாசலில் சின்னதாகக் கோலம் போட ஆரம்பித்தார். உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், கோலத்தின் மேல் இன்னொரு மாவு தூவிய மாதிரி சாம்பல் கிடக்கும்.

அந்தச் சாம்பல் உங்கள் செயலியின் எண்ணில் வராது. செயலி முக்கியமாகப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை, அதாவது பிஎம் 2.5. எண் 150ஐத் தாண்டினால் யாருக்குமே நல்லதில்லை, சரி. ஆனால் எண் நன்றாக இருந்த ஒரு நாள், பக்கத்து வீட்டில் இலை ஊதும் மிஷினைப் போட்டுச் சாம்பலைக் கிளப்பினார்கள். அம்மா ராத்திரி முழுக்க இருமினார். இன்னொன்று, இரவில் மலையிலிருந்து இறங்கும் காற்று புகையைக் கீழே கொண்டுவரும். மதியம் கடல்காற்று வந்தால் விலகும். மதியம் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

எங்கள் தப்பு வேறு. ஒரு மழை பெய்தால் போதும், எல்லாம் அடங்கிவிடும் என்று காத்திருந்தோம். அம்மா வேண்டிக்கொள்ளவே செய்தார்.

மழை வந்தது. 2018 ஜனவரி 9, விடியற்காலை மூன்றரை மணிக்கு மேல். தீ முழுதாகக் கட்டுப்பட்டதாக அப்போது அறிவிக்கக்கூட இல்லை. ஓரிடத்தில் ஐந்தே நிமிடத்தில் அரை அங்குலத்துக்கு மேல் கொட்டியது. பக்கத்து ஊரான மான்டெசிட்டோவில் ஓடைகள் வழியாகச் சேறும் கார் அளவு பாறைகளும் இறங்கி, 23 பேர் இறந்தார்கள். கட்டாயமாக வெளியேறச் சொன்ன பகுதிக்கு வெளியே, 'விரும்பினால் போங்கள்' என்ற பகுதியில் இருந்தவர்களே அதிகம்.

நான் புவியியல் படித்தவன் இல்லை, தெரிந்தவர்கள் திருத்தலாம். அங்குள்ள புதர்ச்செடிகள் எரியும்போது அவற்றின் மெழுகு ஆவியாகி மண்ணுக்குள் இறங்கிப் படிந்து, தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. பிறகு ஒருநாள் சாலையோரம் எரிந்த மண்ணில் பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். சேம்பிலையில் விழுந்ததுபோல் உருண்டு ஓடியது. சென்னை 2015ஐப் பார்க்காதவன் பேசுகிறான் என்று யாராவது வருவீர்கள். என் தம்பி வீடு வேளச்சேரியில்தான். அது நாள்கணக்கில் பெய்து தேங்கிய வெள்ளம். இங்கே மொத்தம் எவ்வளவு மழை என்பதைவிட, கால் மணி நேரத்தில் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

101 நெடுஞ்சாலையை ஏறத்தாழ இரண்டு வாரம் மூடிவிட்டார்கள். என் ஆபீஸ் மான்டெசிட்டோவைத் தாண்டி, கோலீட்டாவில். நிற்க இடமில்லாத ரயிலில் போய்வந்தேன். போக முடியாத நான்கு நாளையும் என் விடுப்பிலிருந்து கழித்தார்கள்! மேலாளர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு 'வீட்டிலிருந்து வேலை செய்வது கம்பெனி வழக்கமில்லை' என்றார். 2020இல் அதே ஆள், வீட்டிலிருந்து வேலை செய்வதன் அருமை பற்றி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எரிந்து முதல் இரண்டு வருடம்தான் ரொம்ப ஆபத்து. அதற்குள் என்றால் நான் போகமாட்டேன். போயே ஆகவேண்டுமென்றால், வீட்டுக்கு மேலே உள்ள ஓடை எந்த வழியாக இறங்குகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். சாதாரண வாடகைக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லும், மழைச் செய்தி வந்தபின் ஓடாதீர்கள். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்று இன்றைக்கே கேளுங்கள்.