டிராகன்ஸ்பர்க் போயும் தூக்கம் வரவில்லை

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைக் கொஞ்ச காலமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. ஊர் கோயம்புத்தூர் பக்கம். கல்யாணமாகி டர்பன் வந்தேன், உம்ஷ்லாங்காவில் ஐ.டி. வேலை. போன வருடக் கடைசியிலிருந்து தூக்கம் சரியில்லை. டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். ஆபீஸில் ஒரு தோழி, "வாரத்துக்கு 120 நிமிஷம் இயற்கையோடு இரு, எல்லாம் சரியாகிவிடும், ஆராய்ச்சியே இருக்கிறது" என்றாள். அதை நம்பி லீவு போட்டு, கணவரோடு டிராகன்ஸ்பர்க் போய் இரண்டு நாள் தங்கினேன். மலை அழகுதான். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே அப்ரைசலில் மேனேஜர் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு செலவு செய்தும் இப்படியா என்று திரும்பி வந்தபிறகு இன்னும் மோசமாக இருந்தது. இயற்கை மனதை ஆற்றும் என்பதெல்லாம் சும்மா பேச்சா, இல்லை எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா? இந்த ஊரில் தனியாக நடக்கவும் பயம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை ஒழுங்காகச் செய்து பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை.

வி., டர்பன்

அன்புள்ள வி.,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரைகள் வேலை செய்ய ஆரம்பிக்கவே சில வாரங்கள் ஆகும், திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், இன்னும் கெட்டுப்போன தூக்கம் என்று வரலாம். கூட்டுவது, குறைப்பது, மாற்றுவது எல்லாம் டாக்டரிடம் பேசி, படிப்படியாக. மலையும் கடலும் மாத்திரையோடு கூடவே இருக்கட்டும், அதன் இடத்துக்கு வர வேண்டாம். ராத்திரியில் வாழ்வதே எதற்கு என்கிற மாதிரி நினைப்பு ஏதாவது வந்தால் காலை வரை காத்திருக்காமல் கணவரை எழுப்புங்கள். சாடாக் என்று மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான தென்னாப்பிரிக்க அமைப்பு தொலைபேசி உதவி நடத்துகிறது, அந்த எண்ணைத் தேடி இப்போதே போனில் போட்டுவையுங்கள்.

சரி, 120 நிமிஷக் கணக்குக்கு வருவோம். அது 2019இல் வந்த ஆய்வு, இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் கேட்டது. போன வாரம் பூங்கா, காடு, கடற்கரை என்று இரண்டு மணி நேரமாவது வெளியில் இருந்தவர்கள், போகாதவர்களைவிட அதிகமாக "உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறது" என்று சொன்னார்கள். ஒரே நாளில் போனார்களா, கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்களா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவுதான். வெளியே போனதால் நன்றாக இருக்கிறார்களா, நன்றாக இருப்பதால் வெளியே போகிறார்களா என்பதை அந்த மாதிரி ஒரு கேள்வித்தாள் காட்டாது. "எல்லாம் சரியாகிவிடும்" என்பது உங்கள் தோழி தன் கைச்சரக்காகச் சேர்த்தது. நல்ல எண்ணத்தில்தான் சேர்த்திருப்பார், ஆனாலும் அது ஆய்வில் இல்லை.

உங்களுக்கு அதைவிடப் பொருத்தமான இன்னொன்று உண்டு. 2015இல் ஸ்டான்ஃபோர்டில் 38 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரைப் புல்லும் மரமுமான இடத்தில் ஒன்றரை மணி நேரம் நடக்கவிட்டார்கள், மீதிப் பேரை வண்டிகள் ஓடுகிற பெரிய சாலையோரம் அதே ஒன்றரை மணி நேரம். பசுமையில் நடந்தவர்களுக்குக் குறைந்தது எது தெரியுமா? தன்னைப் பற்றிய கசப்பான நினைப்பையே திரும்பத் திரும்ப அசைபோடுகிற பழக்கம். அதோடு சம்பந்தப்பட்ட மூளைப் பகுதியின் வேலையும் குறைந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களுக்கு அது நடக்கவில்லை, அதனால் வெறும் நடையின் பலன் என்று தள்ளிவிட முடியாது. மேனேஜர் சொன்னதை நீங்கள் மலையடிவாரத்தில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்ததும் அந்த அசைதான். ஆகவே சும்மா பேச்சு இல்லை. ஆனால் அந்த 38 பேரில் யாருக்கும் மனநோய் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு ஏன் டிராகன்ஸ்பர்க் உங்களுக்கு உதவவில்லை? என் கணிப்பைச் சொல்கிறேன். நீங்கள் அங்கே போனது பரீட்சை எழுத. மூன்று மணி நேரம் வண்டி, அறை வாடகை, லீவு, அத்தனையும் போட்டுவிட்டு பால்கனியில் உட்கார்ந்து "இப்போது ஆறுகிறதா, இப்போது ஆறுகிறதா" என்று உங்களையே உற்றுப் பார்த்திருக்கிறீர்கள். கண் மலையில், கவனம் உள்ளே. கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலையும் இல்லாதபோது மனசு பழைய இடத்துக்குத்தான் போகும், அதற்கு ரசனையைக் குறை சொல்லாதீர்கள்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். நாலைந்து தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், தமிழ் பேச வராது, தைப்பூசத்துக்குக் காவடி தவறாது. துணி ஆலை மூடி வேலை போனதிலிருந்து ஷாட் மீன் பிடிக்கப் போவார். குளிர்காலத்தில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். மத்தி மீனைப் பாதியாகக் கிழித்து, தூண்டில் முள்ளில் வைத்து, மெல்லிய ரப்பர் நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டுவார், அலையில் இரை கழன்றுவிடாமல் இருக்க. அந்த நூலைச் சுற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஊசியில் நூல் கோக்கிற மாதிரி முழு ஆளும் விரல் நுனியில் இருப்பார். அப்புறம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பது. நிறம் எங்கே மாறுகிறது, அலை எங்கே உடைகிறது, பறவை எங்கே விழுகிறது என்று மணிக்கணக்காக. ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு மீன்தான் பிடிக்கலாம், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், அக்டோபரும் நவம்பரும் ஷாட்டுக்குத் தடை. அந்த இரண்டு மாதமும் "வேறு மீன் இருக்கிறது அக்கா" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார். மீனே கிடைக்காத நாளிலும் திரும்பி வரும்போது முகம் தெளிந்துதான் இருக்கும். இவர் இயற்கை, மனநலம் என்று ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. அங்கே நிற்கும்போது வீட்டுக்கடன் ஞாபகம் வருவதில்லை என்பார், அவ்வளவுதான்.

உங்களைத் தூண்டில் வாங்கச் சொல்லவில்லை. வெளியே போகும்போது ஒரு சின்ன வேலையோடு போங்கள் என்கிறேன். ஜூனிலிருந்து நவம்பர் வரை நம் கடற்கரையை ஒட்டித் திமிங்கிலங்கள் போகும், உம்ஷ்லாங்கா நடைபாதையில் நின்று நீர்ப்பீச்சலைத் தேடுவது ஒரு வேலை. தாவரவியல் பூங்காவுக்குப் போய் ஒவ்வொரு மரமாகப் பெயர்ப்பலகை படிப்பதும் வேலைதான். 1849இல் தொடங்கிய பூங்கா அது, நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே உட்ஸ் சைக்காட் என்று ஒரு செடி இருக்கிறது. 1895இல் ஙோயே காட்டில் ஒரே ஓர் ஆண் செடியைக் கண்டுபிடித்தார்கள், பெண் செடி இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை, உலகத்தில் இருப்பதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து பிரித்து வளர்த்தவை. நூறு வருஷத்துக்கு மேல் துணையில்லாமல் கொழுகொழுவென்று நிற்கிறது, அதன் முன்னால் என் அப்ரைசல் என்ன பெரிய அப்ரைசல் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். (உங்களுக்குத் தோன்ற வேண்டும் என்று கட்டாயமில்லை.)

பச்சையைப் பார்த்தாலே மனம் ஆறும் என்கிற பேச்சில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நீங்கள் வேலை பார்க்கிற உம்ஷ்லாங்கா ரிட்ஜ் முழுவதும் முன்பு கரும்புக்காடு. 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் இந்த மாகாணத்தில் பார்த்த பச்சை அதுதான். "வாரம் 120 நிமிஷம்" என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் கரும்பு வெட்டுகிற கத்தியைக் கையில் கொடுத்திருப்பார்கள். கடற்கரையும் அப்படித்தான். நிறவெறிச் சட்டம் இந்தியர்களுக்குத் தனியாக ஒரு துண்டு மணலை ஒதுக்கி வைத்திருந்தது, 1989 கடைசியில்தான் எல்லாக் கடற்கரையும் எல்லோருக்கும் என்று ஆனது. சாட்ஸ்வொர்த்தில் என் தோழியின் அம்மா இன்றைக்கும் கடற்கரைக்குப் போனால் பழக்கத்தில் ஒரு பக்கமாகவே உட்காருவார். ஆகவே ஓர் இடம் நம்மை ஆற்றுமா என்பது அங்கே நாம் பயமில்லாமல் இருக்க முடிகிறதா என்பதையும் பொறுத்தது.

உங்கள் பயத்தை நான் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று தள்ளப் போவதில்லை. பீச்வுட் சதுப்புநிலக் காட்டுக்கோ சில்வர்க்ளென் காப்பகத்துக்கோ தனியாகப் போகாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். காதைப் பொத்திக்கொண்டு பாட்டுக் கேட்டபடி நடக்க வேண்டாம். பின்னால் யார் வருகிறார்கள் என்று நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்க்கிற நடையில் எந்த மனதும் இளைப்பாறாது. ஆள் நடமாட்டம் இருக்கிற இடம், இருக்கிற நேரம், கூட ஓர் ஆள், இதுதான் இந்த ஊர்க் கணக்கு.

அதற்கு எனக்குத் தெரிந்த சுலபமான வழி பார்க்ரன். ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓடுவதும் நடப்பதும்தான் அது, சனிக்கிழமை காலை 8 மணிக்கு, ஐந்து கிலோமீட்டர், காசு கிடையாது. காம்ரேட்ஸ் என்கிற நெடுந்தூர ஓட்டத்தில் ஒன்பது முறை ஜெயித்த புரூஸ் ஃபோர்டைஸ் 2011இல் ஜோஹன்னஸ்பர்க் டெல்டா பூங்காவில் இதை இந்த நாட்டில் ஆரம்பித்துவைத்தார். டர்பனில் நார்த் பீச்சில் பெருங்கூட்டம் வரும். ஓட வேண்டியதில்லை, பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு, பாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் ஏராளம், கடைசியாக வருகிறவரோடு கூடவே வர ஒரு தன்னார்வலர் இருப்பார். ஒரு பக்கம் கடல், சுற்றிலும் ஆட்கள். கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். தண்ணீரில் இறங்குவது மட்டும் அன்றைய அறிவிப்பைப் பார்த்து. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்பு உடைந்ததிலிருந்து தண்ணீர் கெட்டுப்போய்க் கடற்கரையை மூடிய நாட்கள் நிறைய.

எழுந்திருக்கவே முடியாத நாட்களும் வரும், அந்த நோய் அப்படி. அன்றைக்கு வெளியே போகாததற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாமல், பால்கனியில் ஒரு தட்டு மண்ணில் ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தூவிவிடுங்கள். டர்பன் வெயிலுக்கு நாலைந்து நாளில் மண்ணை முட்டிக்கொண்டு வரும். காலையில் தண்ணீர் தெளிக்க அந்த இரண்டு நிமிஷம் எழுந்தால் போதும். குரங்கு வந்து பிடுங்கிப் போட்டால் மேலே ஒரு கம்பிவலை, வெந்தயம் மறுபடி ஒரு கைப்பிடி.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது தூக்கம் இன்னும் வரவில்லை என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தலாமா என்று நினைத்ததையும் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மருந்தோ அளவோ மாற்றலாமா, கூடவே பேச்சுச் சிகிச்சைக்கும் யாரிடமாவது போகலாமா என்று நீங்களே கேளுங்கள், நாமாகக் கேட்காவிட்டால் பதினைந்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா